தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர் காணாமல் போனால்: சுங்கை சிப்புட் வட்டாரக் குடும்பங்களுக்கு

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான் எனும் குடியிருப்புகளிலும் இருப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஞாபக மறதி வந்த அம்மா, மனநல மருந்து சாப்பிடும் அண்ணன், நாற்பது வயதாகியும் தனியாகக் கடைக்குப் போய் மீதிக் காசு எண்ணி வாங்கத் தெரியாத தம்பி, வலிப்பு வரும் மாமா, குடியை விடமுடியாத சித்தப்பா. இப்படி ஒருவர் வெளியே போய்த் திரும்பவில்லை. இதுவரை இந்த மாதிரிக் காரியத்தில் கைவைத்ததே இல்லாத குடும்பம் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளை காணாமல் போனால் நாட்டில் 2011 முதல் நூர் அலர்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. போலீஸ், ஊடகம், பொதுமக்கள் எல்லாரையும் உடனே உசுப்பிவிடும். வயது வந்தவருக்கு அப்படித் தானாக அடிக்கும் மணி எதுவும் கிடையாது. அடையாள அட்டைப்படி வயது 46 என்றால், பார்ப்பவர் எல்லாருக்கும் அவர் 46 வயது ஆண். "கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாரு, வந்துருவாரு" என்றுதான் அக்கம்பக்கமும் சொல்லும், சில சமயம் போலீஸ் கவுண்டரில் இருப்பவரும் சொல்வார். அவரால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பது உங்கள் வீட்டுக்குத் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. அதை முதல் நாளே காகிதத்தில் ஏற்றுவதுதான் உங்கள் வேலையில் பாதி.

முதல் ஒரு மணி நேரம்

வீட்டுக்குள் தேடுங்கள். சிரிக்காதீர்கள். கட்டிலுக்கு அடியில், குளியலறைக் கதவுக்குப் பின்னால், கோழிக்கூண்டுப் பக்கம், பழைய காருக்குள், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், பக்கத்து வீட்டுப் பின்கட்டில் எல்லாம் பாருங்கள். பயந்து ஒளிந்திருப்பவர் கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டார். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருவர் அதிக நேரம் தாங்கவும் முடியாது.

அதே நேரத்தில் ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். அவர் தானாகத் திரும்பி வந்தால் கதவு பூட்டியிருக்கக் கூடாது. எல்லாரும் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது நம் ஆட்களுக்கு வழக்கம். வீட்டில் இருப்பதற்கு ஒரு பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ போதும்.

அவருடைய அறையை யாரும் சுத்தம் செய்ய வேண்டாம். தலையணை உறை, போட்டுக் கழற்றிய சட்டை, சீப்பு, பல்துலக்கி, இவற்றைத் துவைக்கவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. சட்டையை வேறு யாரும் தொடாமல் சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் வையுங்கள். தீயணைப்புப் படையின் மோப்ப நாய் வந்தால் அது உதவும். சீப்பும் பல்துலக்கியும் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

என்ன எடுத்துக்கொண்டு போனார் என்று பாருங்கள். செருப்பு எது இல்லை? அடையாள அட்டை இருக்கிறதா? மருந்து அப்படியே இருக்கிறதா? கைப்பேசி? பணம்? இந்த நான்கைந்து கேள்விகளின் பதில்தான் போலீஸ் நிலையத்தில் முதலில் கேட்கப்படும். மருந்து வீட்டில் இருக்கிறது, அவருக்கு இன்சுலினோ வலிப்பு மருந்தோ தேவை என்றால், அது தனியாகச் சொல்ல வேண்டிய அவசரம்.

அவர் உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசியிருந்தாலோ, கடிதம் எதுவும் எழுதி வைத்திருந்தாலோ வேறு எதையும் செய்யாமல் முதலில் 999-ஐ அழையுங்கள். வெட்கம், குடும்ப மானம் எல்லாம் அப்புறம்.

போலீஸ் புகார்

24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது எங்கிருந்து வந்த கதை என்று தெரியவில்லை. இன்னும் தோட்டத்தில் பலர் அதை நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. போலீஸ் படையே பலமுறை சொல்லியிருக்கிறது. ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் போய்ப் புகார் கொடுங்கள். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். அவரைக் கடைசியாகப் பார்த்த இடம் ஈப்போவாக இருந்தாலும் சுங்கை சிப்புட்டில் கொடுக்கலாம்; அவர்கள் உரிய இடத்துக்கு அனுப்புவார்கள்.

யார் போவது? அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர். மலாய் நன்றாகப் பேசும் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். ஊர்த் தலைவரையோ கட்சிக்காரரையோ முன்னால் நிறுத்தி அவர் பேச நீங்கள் பின்னால் நிற்பது வேண்டாம் என்பது என் கருத்து. கடைசியாகப் பார்த்தவர் சொல்வதும் கேள்விப்பட்டவர் சொல்வதும் ஒன்றாகாது. பிறகு விசாரணை அதிகாரி கேள்வி கேட்கும்போது புகாரில் உள்ளதும் உங்கள் வாயில் வருவதும் மாறி நிற்கும்.

கையில் கொண்டு போக வேண்டியவை: அவருடைய அடையாள அட்டை அல்லது அதன் நகல், சமீபத்திய படம் இரண்டு (ஒன்று முகம், ஒன்று முழு உருவம்), மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் அட்டை, மருந்து உறை, ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டை இருந்தால் அதுவும். கல்யாண வீட்டில் பவுடர் போட்டு எடுத்த படம் வேண்டாம். தாடி, வழுக்கை, பல் இல்லாத வாய், இப்போது எப்படி இருக்கிறாரோ அப்படியே தெரிய வேண்டும்.

இனி புகாரின் வாசகம். நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் மலாயில் தட்டச்சு செய்வார்கள். "அண்ணன் காலையில் வெளியே போனார், வரவில்லை" என்று மட்டும் சொன்னால் அது மட்டும்தான் பதிவாகும். பிறகு அந்தக் கோப்பை எடுத்துப் பார்க்கும் யாருக்கும் அது அவசரமாகத் தெரியாது. ஆகவே இவற்றைச் சொல்லுங்கள், சொன்னது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்:

அவருக்கு என்ன நோய், எத்தனை ஆண்டாக, எந்த மருத்துவமனையில் சிகிச்சை. மருந்து எத்தனை நாள் தவறினால் என்ன ஆகும். பெயர், வீடு, போன் நம்பர் சொல்லத் தெரியுமா. மலாய் பேசுவாரா, தமிழ் மட்டும்தானா. சாலை கடக்கத் தெரியுமா. முன்பு இப்படிப் போயிருக்கிறாரா, போனபோது எங்கே கிடைத்தார். கடைசியாகப் பார்த்தது யார், எந்த இடம், எத்தனை மணி, என்ன உடை. உடம்பில் அடையாளம்: தழும்பு, பச்சை, ஆபரேஷன் தையல், ரப்பர் பால் வெட்டும் கத்தி பட்ட காயம். மலாயில் சொல்லத் தடுமாறினால் இந்த ஒரு வாக்கியமாவது மனதில் இருக்கட்டும்: "டியா திடாக் போலே உருஸ் டிரி செண்டிரி." தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர். ஞாபக மறதி என்றால் "ஞாஞுக்", மனநோய் என்றால் "சாக்கிட் மெந்தால்". இந்தச் சொற்கள் புகாரில் இருக்க வேண்டும்.

குடிப்பழக்கம், வட்டிக்காரன் தொல்லை, வீட்டில் நடந்த சண்டை, இவற்றை மறைக்கிறவர்கள்தான் அதிகம். மறைத்தால் தேடும் திசையே மாறிப் போய்விடும். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அன்று காலை வாய்த்தகராறு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். எப்படியும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லத்தான் போகிறார்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவுப்படி, நீங்கள் சொன்னதை எழுதி உங்களுக்குப் படித்துக் காட்டி, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். ஆகவே "ஸார், கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் கிடையாது. நேரம் தவறாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். புகாரின் நகல், புகார் எண், விசாரணை அதிகாரியின் பெயர், அவருடைய நேரடித் தொடர்பு எண், இந்த நான்கும் இல்லாமல் வெளியே வராதீர்கள். அதிகாரி இன்னும் நியமிக்கப்படவில்லை என்றால் மறுநாள் காலையில் போய்க் கேளுங்கள்.

காணாமல் போனவரிடம் சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தருவது) இருக்கலாம், அடையாள அட்டையே இல்லாமலும் இருக்கலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் இந்த நிலையில் இருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்காகப் புகார் கொடுக்கப் பயப்பட வேண்டியதில்லை. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, சங்க அட்டை, எது இருக்கிறதோ அதைக் கொண்டு போங்கள்.

எங்கே தேடுவது

போலீஸ் தன் வேலையைத் தொடங்கும்வரை குடும்பம் சும்மா இருக்கப் போவதில்லை. ஆனால் நம் ஆட்கள் தேடும் விதத்தில் ஒரு கோளாறு உண்டு. அவர் இப்போது இருக்கும் வீட்டை நடுவில் வைத்துத் தேடுவார்கள்: பசார், கோவில், பஸ் நிற்குமிடம், கடைத்தெரு. ஞாபக மறதி உள்ளவரின் மனதில் இப்போதைய வீடு இருக்காது. அவர் போவது பழைய வீட்டுக்கு.

இந்த வட்டாரத்தில் அதற்குக் காரணமும் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டபோதும், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்து சேர்ந்தார்கள். எழுபது வயது அம்மாவுக்கு ஐம்பது ஆண்டுகள் லயத்து வாழ்க்கை. விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக வேண்டும் என்று நாலரை மணிக்கு எழுந்து கிளம்புவார். லயம் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் செம்பனை நிற்பது அவருக்குத் தெரியாது. ஆகவே ஒரு தாள் எடுத்து எழுதுங்கள்: எங்கே பிறந்தார், எந்த டிவிஷனில் வேலை செய்தார், எந்தத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தார், அக்கா தங்கை எங்கே, பிள்ளையை எந்த ஆயாக் கொட்டகையில் விட்டார், குலதெய்வம் எங்கே, ரப்பர் பாலை எடை போட எங்கே போவார். வீட்டில் இருக்கும் இளைஞர்களுக்கு இது தெரியாது. அவரோடு வேலை செய்த கிழவிகளைக் கேளுங்கள். தோட்டங்களுக்குத் தமிழ் ஆட்கள் வைத்த பெயர் ஒன்று, பலகையில் எழுதியிருப்பது இன்னொன்று. அவர் பஸ்காரரிடமோ வாடகைக் காரிலோ சொல்லியிருக்கக்கூடியது அந்தப் பழைய பெயர்தான். அதையும் போலீஸிடம் சொல்லி வையுங்கள்.

நோய்க்குத் தக்கபடி நடத்தையும் மாறும். ஞாபக மறதி உள்ளவர் திரும்பி வரத் தெரியாமல் நேராக நடந்துகொண்டே போவார். புதரோ அல்லூரோ (வடிகால்) வேலியோ தடுக்கும் இடத்தில் நின்றுவிடுவார் அல்லது விழுந்துவிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. அதனால் சடக்கில் (சாலையில்) மோட்டாரில் போய்க்கொண்டே கத்துவதால் பெரிய பலன் இல்லை. இறங்கிப் பார்க்க வேண்டும். மனநலப் பாதிப்பு உள்ளவர் தேடுகிறவர்களையே தன்னைத் துரத்துகிறவர்களாக நினைத்து ஒளியலாம். அவர் நம்பும் ஒருவர் குரல் முன்னால் போகட்டும், கூட்டம் பின்னால் நிற்கட்டும். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குத் தண்ணீர் மேல் ஈர்ப்பு உண்டு. ஆற்றங்கரை, குளம், ஈயம் தோண்டிய பழைய குட்டை, இவற்றை அவர்களுக்காக முதலில் பாருங்கள்.

தோட்டத்துக்குள் இறங்கும்போது

செம்பனைக்குள் ஒருவர் விழுந்து கிடந்தால் பத்தடி தூரத்திலிருந்துகூடத் தெரியாது. ஒரு நிரை விட்டு ஒரு நிரையில் வெட்டிய மட்டைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அந்தக் குவியலுக்குப் பின்னால் ஆள் இருந்தால் டிராக்டர் பாதையில் போகிறவர் பார்க்கவே முடியாது. நிரை நிரையாகத்தான் நடக்க வேண்டும்.

யாரிடமும் கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள். முதலில் கேட்டில் இருக்கும் ஜாகா (காவலாளி), பிறகு ஆபீஸ் கிராணி (எழுத்தர்), பிறகு மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்). மண்டோரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: எந்த பிளாக்கில் எப்போது குலை வெட்டினார்கள்? ஒரு பிளாக்கில் வெட்டு முடிந்தால் அடுத்த சுற்றுக்கு அங்கே ஆள் வரப் பத்து நாளுக்கு மேலாகும். நேற்று வெட்டு முடிந்த பிளாக்கில்தான் அடுத்த பத்து நாள் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். நீங்கள் போக வேண்டியது அங்கே. இன்று வெட்டு நடக்கும் பிளாக்கை வெட்டுக்காரர்களே பார்த்துவிடுவார்கள்.

அந்த வெட்டுக்காரர்கள் இப்போது பெரும்பாலும் பங்களாதேஷ், இந்தோனேசிய ஆட்கள். இருட்டோடு வேலைக்கு இறங்குகிறவர்கள், எந்தச் சந்தில் யார் நடந்தார் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் போலீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கிவிடுவார்கள். பெர்மிட் பற்றிக் கேட்காமல், படத்தை மட்டும் காட்டி, "இவரைப் பார்த்தீர்களா" என்று கேளுங்கள். அவர்கள் தங்கியிருக்கும் குவார்ட்டர்ஸ் பக்கம் மாலையில் போனால் நின்று பேசுவார்கள்.

இரண்டு பேருக்குக் குறையாமல் போங்கள். பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். செம்பனையில் நாகம் உண்டு. காட்டுப்பன்றிக்காகச் சிலர் சிறு தோட்டங்களில் மின்கம்பி இழுத்து வைத்திருப்பார்கள், கவனம். லாசா, ஜாலோங் பக்கம் காட்டோரம் யானையும் வரும். மாலை ஐந்து மணிக்கு மேல் குடும்பத்து ஆட்கள் புதிதாக உள்ளே இறங்கக் கூடாது. தேடப் போனவரையும் சேர்த்துத் தேடும் நிலை வரக்கூடாது. தீயணைப்புப் படையையும் பொதுத் தற்காப்புப் படையையும் கொண்டு முறையான தேடுதல் நடத்தச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் கேட்கலாம். ஆற்றங்கரையில் செருப்பு கிடந்தது, இந்த பிளாக் ஓரம் ஒருவர் பார்த்தார் என்பது போல ஓர் இடத்தைக் காட்டிக் கேட்டால் அது நடக்கும். "எங்கேயோ தோட்டத்துக்குள்ள" என்றால் நடக்காது.

தேடிய இடங்களை ஒரு படத்தில் குறித்து, தேதி, நேரம், யார் போனார்கள் என்று எழுதி வையுங்கள். மூன்றாம் நாள் வந்தால் யார் எங்கே பார்த்தார்கள் என்பதில் சண்டையே வரும்.

கேமரா, கைப்பேசி, வங்கி

கடைகளில் உள்ள கேமராப் பதிவுகள் சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்து புதிய பதிவு ஏறிவிடும். அதனால் பெட்ரோல் நிலையம், மினி மார்ட், வங்கி வாசல், ரயில் நிலையம் என்று அவர் போயிருக்கக்கூடிய வழியில் எங்கெல்லாம் கேமரா இருக்கிறதோ அந்தப் பட்டியலை முதல் இரண்டு நாளுக்குள் எடுங்கள். கடைக்காரர் உங்களுக்குக் காட்ட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். "போலீஸ் வரும்வரை அழிக்காமல் எடுத்து வையுங்கள்" என்று மட்டும் கேட்டு, புகார் எண்ணைக் கொடுத்துவிட்டு, அதிகாரியிடம் அந்தக் கடையின் பெயரைச் சொல்லுங்கள். தாமானில் வீட்டு வாசலில் கேமரா வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் உடனே காட்டிவிடுவார்கள்.

சுங்கை சிப்புட்டில் இ.டி.எஸ். எனும் மின்சார ரயில் நிற்கிறது. அதில் டிக்கெட் வாங்க அடையாள எண் வேண்டும். ஏறினாரா இல்லையா என்பதை அதிகாரி கேட்டு வாங்க முடியும். பஸ்ஸில் அப்படி ஒரு பதிவு கிடையாது. ஈப்போ பஸ் ஓட்டுநர்களிடம் படத்தோடு நேரில் போக வேண்டும், மேடான் கிட், அமான் ஜெயா இரண்டு நிலையங்களிலும் பார்க்க வேண்டும்.

அவருடைய கைப்பேசி எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருந்து பேட்டரியைக் காலி செய்துவிடாதீர்கள். நம்பர், எந்த நிறுவனம், கடைசியாகப் பேசியது எப்போது என்பதை அதிகாரியிடம் கொடுங்கள். எந்தக் கோபுரத்தில் கடைசியாகப் பதிந்தது என்பதை அவர்தான் நிறுவனத்திடம் கேட்க முடியும். பிரிபெய்டு எண் என்றால் மாதம் தவறாமல் டாப்-அப் செய்யுங்கள். காலாவதியாகி அந்த எண் வேறு ஒருவருக்குப் போய்விட்டால், என்றைக்காவது அவர் தன் நம்பரை யாரிடமாவது சொன்னாலும் பயனில்லை.

வங்கி அட்டை வீட்டில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். வீட்டுச் செலவுக்கு என்று அவர் கணக்கிலிருந்து எடுத்தால், கணக்கில் ஓர் அசைவு தெரியும். அவர் உயிரோடு இருக்கிறார், பணம் எடுக்கிறார் என்று விசாரணை தவறான பக்கம் போகும். அவருடைய சமூகநல உதவித்தொகை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் நலத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸும் வாட்ஸ்அப்பும்

நோட்டீஸ் தமிழில் மட்டும் அடித்தால் கோவிலோடு நின்றுவிடும். மேலே மலாய், கீழே தமிழும் சீனமும். படம் பெரிதாக, பெயர், வயது, உயரம், உடை, கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும், "மருந்து தேவைப்படுபவர்" என்ற ஒரு வரி, போலீஸ் நிலையத்தின் எண், குடும்பத்தின் எண் ஒன்று. அடையாள அட்டை எண்ணும் முழு வீட்டு முகவரியும் போடாதீர்கள். குடும்ப எண்ணுக்குப் புதிதாக ஒரு சிம் வாங்குவது நல்லது. பழைய எண்ணைப் போட்டால் ஆண்டுக்கணக்கில் கண்டவன் எல்லாம் கூப்பிடுவான்.

ஒரு அடையாளத்தை மட்டும் நோட்டீஸில் சொல்லாமல் வையுங்கள். இடது முழங்காலில் உள்ள தழும்பு என்று வைத்துக்கொள்வோம். போலீஸுக்கு அது தெரியட்டும், ஊருக்குத் தெரிய வேண்டாம். "உங்க ஆளு எங்கிட்ட இருக்காரு, முதல்ல ஐந்நூறு வெள்ளி போடுங்க" என்று அழைப்பு வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். "முழங்காலில் என்ன இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் போனை வைத்துவிடுவான். எந்தச் சூழ்நிலையிலும் முன்பணம் அனுப்பாதீர்கள், அழைப்பு எண்ணை அதிகாரிக்குக் கொடுங்கள்.

மை போட்டுப் பார்ப்பது, குறி கேட்பது பற்றி ஒரு வார்த்தை. மனசு கேட்கவில்லை என்றால் போய்க் கேளுங்கள், நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் "வடக்கே தண்ணி ஓரமா இருக்காரு" என்று சாமியாடி சொன்னதற்காக, மண்டோர் காட்டிய பிளாக்கில் தேடிக்கொண்டிருக்கும் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு பிளஸ் ஆற்றுக்கு ஓடாதீர்கள். முதல் மூன்று நாள் ஆள்பலம் பணத்தைவிடப் பெரியது.

பெயர் தெரியாத ஒருவராக எங்காவது இருக்கலாம்

பெயர் சொல்லத் தெரியாதவர் வேறு ஊரில் கிடைத்தால் அவர் போய்ச் சேரும் இடங்கள் சில உண்டு. இங்கே வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கும், பலர் இதைச் செய்வதே இல்லை.

முதலில் மருத்துவமனைகள்: சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன். அவசரப் பிரிவில் பெயர் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்பார்கள், ஏனென்றால் பெயரில்லாதவராகப் பதிந்திருப்பார்கள். "அடையாளம் தெரியாத இந்திய ஆண், இந்த வயது, இந்தத் தேதிக்குப் பிறகு" என்று கேட்க வேண்டும். தடயவியல் பிரிவிலும் (பிணவறை) அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அங்கே போக மனம் வராது. அம்மாவை அனுப்பாதீர்கள், மனதிடம் உள்ள மைத்துனர் யாராவது போகட்டும்.

அடுத்தது தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் தொடங்கிய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மனநலம் பாதித்துத் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பதாகத் தோன்றும் ஒருவரைப் போலீஸே பிடித்து 24 மணி நேரத்துக்குள் மனநல மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டு போகலாம். ஜொகூரில் பிடிபட்டவர் ஜொகூர் பாரு பெர்மாய் மருத்துவமனைக்குப் போயிருப்பார். குடும்பம் தொலைபேசியில் கேட்டால் நோயாளி விவரம் சொல்லமாட்டார்கள், அது நியாயமும்கூட. அதிகாரி வழியாகக் கேளுங்கள்.

பிறகு நலத்துறை. 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டப்படி, தெருவில் திரிபவரை நலத்துறை அழைத்துப் போய் மாஜிஸ்திரேட் உத்தரவோடு காப்பகத்தில் வைக்கலாம். பகாங் ஜெராண்டுட், ஜொகூர் மெர்சிங் இரண்டு இடத்திலும் டேசா பினா டிரி எனும் அந்தக் காப்பகம் இருக்கிறது. இங்கிருந்து காணாமல் போனவர் அங்கே இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றாது. 15999 தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து விவரம் பதியுங்கள், மாவட்ட நலத்துறை அலுவலகத்துக்கும் படத்தோடு போங்கள். தனியார் முதியோர் இல்லங்களில் எல்லாம் பதிவு பெற்றவை கிடையாது. கோலாலம்பூர், கிள்ளான் வரை படத்தை அனுப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

அடையாள அட்டை இல்லாதவர் என்றால் இன்னோர் இடமும் உண்டு. காகிதம் இல்லை, மலாயும் சரியாகப் பேசவில்லை என்றால் வெளிநாட்டுக்காரர் என்று குடிநுழைவுத் தடுப்பு முகாமுக்குப் போக வாய்ப்பிருக்கிறது. பேராக்கில் லங்காப்பில் ஒன்று இருக்கிறது.

கடைசியாக ஒரு சாத்தியம்: சம்பளமில்லாமல் யாரோ ஒருவரின் தோட்டத்திலோ கடையிலோ வேலை வாங்கப்படுவது. சொன்னதை எல்லாம் செய்யும் அப்பாவி ஆட்களுக்கு இது நடக்கும். அப்படிச் சந்தேகம் இருந்தால் வெறும் காணாமல் போன புகாராக விடாதீர்கள். ஆள்கடத்தலுக்கு எதிரான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, சந்தேகத்தின் காரணத்தோடு தனியாகப் புகார் கொடுங்கள்.

மாதங்கள் கடந்தால்

உறவினர் வருவது குறையும், நோட்டீஸ் மழையில் கிழியும், அதிகாரி மாற்றலாகிப் போவார். கோப்பு மறக்கப்படுவது பெரும்பாலும் அந்த மாற்றலில்தான். ஆகவே குடும்பத்தில் ஒருவர், ஒரே ஒருவர், இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ஒரு தடிமனான நோட்டுப் புத்தகம் போதும்: யாரிடம் எப்போது பேசினோம், என்ன சொன்னார்கள். மாதம் ஒருமுறை அதிகாரியை அழையுங்கள். ஆள் மாறினால் புதியவரை நேரில் போய்ப் பார்த்து, எல்லா நகல்களையும் மறுபடி கொடுங்கள். எரிச்சலோடு போக வேண்டாம், வெறுங்கையோடும் போக வேண்டாம். புதிதாக ஒரு தகவலாவது, ஒரு கேள்வியாவது கையில் இருக்கட்டும்.

குற்றம் நடந்ததாகச் சந்தேகித்துப் புகார் கொடுத்திருந்தால், அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு உங்களுக்கு உதவும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய வகைக் குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரம் கடந்திருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்துக்குள் நிலையத் தலைமை அதிகாரி பதில் தர வேண்டும். கடிதத்தில் முத்திரை வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

மரபணு மாதிரி கொடுப்பது பற்றியும் கேளுங்கள். 2009-ஆம் ஆண்டு மரபணு அடையாளச் சட்டப்படி அமைந்த தரவு வங்கியில் காணாமல் போனோருக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அம்மா, அப்பா, உடன்பிறந்தவர், பிள்ளைகள் ஆகியோரின் மாதிரி பயன்படும். வயதான அம்மா இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். சீப்பையும் பல்துலக்கியையும் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். எங்கோ ஓர் ஆற்றங்கரையில் கிடைத்த எலும்புக்குப் பெயர் கிடைக்க வேண்டும் என்றால் ஒப்பிட ஒன்று வேண்டும். அடையாள அட்டை எடுக்கும்போது கட்டைவிரல் ரேகை பதிந்திருப்பதால், அட்டை உள்ளவரை ரேகை வழியாகவும் கண்டுபிடிக்க முடியும்.

வீட்டில் இருப்பவர்களின் மனநிலையும் கெடும். காரியம் செய்வதா வேண்டாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள், தாய் ஒப்புக்கொள்ளமாட்டார். அதில் நான் சொல்ல எதுவும் இல்லை. தூக்கம் இல்லாமல், சாப்பாடு இல்லாமல் ஒருவர் இருந்தால் சுகாதார அமைச்சின் 15555 ஹீல் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ஏழு ஆண்டு

1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, வழக்கமாகச் செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டுகள் எந்தச் செய்தியும் வரவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. ஏழு ஆண்டு முடிந்த மறுநாள் எதுவும் தானாக நடக்காது. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். அதை வைத்துத்தான் தேசியப் பதிவுத் துறை, சேமநிதி வாரியம், வங்கி, நில அலுவலகம் எல்லாம் நகரும். கணவனோ மனைவியோ மறுமணம் செய்ய வேண்டும் என்றால் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சீர்திருத்தச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் தனி வழி இருக்கிறது. நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி, "தேடினீர்களா, என்ன ஆதாரம்?" அந்த நோட்டுப் புத்தகம், புகார் நகல், நோட்டீஸ், மருத்துவமனைக் கடிதங்கள் எல்லாம் அப்போது தேவைப்படும். வழக்கறிஞருக்குக் கட்ட முடியாவிட்டால் அரசின் சட்ட உதவித் துறையிலும் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் முதலில் விசாரியுங்கள்.

கிடைத்துவிட்டால்

முதலில் மருத்துவமனை, அப்புறம் வீடு. பார்க்க நன்றாக இருந்தாலும் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும், மருந்து தவறியிருக்கும், எங்காவது அடி வாங்கியிருப்பார். "எங்கே போனே, ஏன் போனே" என்று ஆளாளுக்குக் கேட்க வேண்டாம். அடித்திருக்கிறார்கள், அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் குளிப்பாட்டுவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயது வந்தவர் என்பதால் இன்னொன்றும் நடக்கலாம். அவரைக் கண்டுபிடித்த போலீஸ், "பத்திரமாக இருக்கிறார், ஆனால் வீட்டுக்கு வர விருப்பமில்லை, முகவரியும் சொல்ல வேண்டாம் என்கிறார்" என்று சொல்லலாம். வீட்டில் அடி உதை இருந்திருந்தால் அது புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். அவர் மருந்தும் சிகிச்சையும் தொடர ஏற்பாடு உண்டா என்பதை மட்டும் அதிகாரி வழியாகவும் நலத்துறை வழியாகவும் கேளுங்கள்.

புகார் கொடுத்த நிலையத்துக்கு அன்றைக்கே போய், ஆள் கிடைத்துவிட்டார் என்று பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் காணாமல் போனவராகவே அவர் பெயர் நிற்கும். நலத்துறைக்கும், நோட்டீஸ் ஒட்டிய கடைகளுக்கும், வாட்ஸ்அப் குழுக்களுக்கும் சொல்லி, படங்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு முறை போனவர் மறுபடி போவார் என்று வைத்துக்கொண்டு, அந்த வாரத்திலேயே ஓ.கே.யு. அட்டைக்கு மனுக் கொடுங்கள். பெயரும் இரண்டு போன் நம்பரும் பொறித்த கைக்காப்பு ஒன்று செய்து போடுங்கள், சட்டைப் பைக்குள் வைக்கும் சீட்டு துவைக்கும்போது போய்விடும்.